ஓடிவரும் தூரத்தில் யார்?

1. இரண்டு கத்துக்குட்டிகள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மொபைல் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் அஜினும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கல்லூரியில் ஒரு கால்குலேட்டர் ஆப் செய்ததுதான் எங்கள் மொத்த அனுபவம். அந்த லட்சணத்தில் முதலாளி எங்களிடம் கொடுத்த முதல் வேலை, ஆபத்தில் உதவி கேட்கும் பாதுகாப்பு ஆப்.

"ஏட்டி ஷீபா, பெருசா ஒண்ணும் செய்யாண்டாம். பட்டன அமுக்குனா அஞ்சு பேருக்கு மெசேஜும் லொகேஷனும் போணும். மொத ஆளுக்கு கால் போணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று எந்த முதலாளி சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் இந்த மனுஷரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். கோடிங் தெரியாமல் நாங்கள் திருதிருவென்று முழித்தபோது ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அழவைக்காமல் வேலை கற்றுக்கொடுத்தவர்.

ஒருவழியாக ஆப் தயாரானது. தெரிந்த பெண்கள் சிலரின் போனில் டெஸ்டிங்குக்குப் போட்டுக் கொடுத்தோம். யார் பட்டனை அமுக்கினாலும் ஒரு நகல் எங்கள் போனுக்கும் வரும்படி, அவர்கள் சம்மதத்தோடு வைத்திருந்தோம். வந்து குவிந்த அலர்ட்டுகளில் மண்டை காய்ந்துபோனது! பிள்ளைகள் விளையாட்டாக அமுக்குவார்கள். பஸ் நெரிசலில் பைக்குள் தானாகவே அமுங்கும். அஜின் மட்டும் சலிக்காமல் ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து, "ஒண்ணும் இல்லியே அக்கா?" என்று கேட்டுவிடுவான்.

2. குளச்சலில் இருந்து வந்த அலர்ட்

ஒரு மத்தியானம் ரஹ்மத் அக்காவின் அலர்ட் வந்தது. குளச்சலில் வீட்டிலேயே தையல் தைப்பவர். கணவர் மஸ்கட்டில். அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

அஜின் வழக்கம்போலத் திரும்ப அழைத்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் அடுத்த அலர்ட். அப்புறம் இன்னொன்று. எந்த மெசேஜ் போனது, எது போகவில்லை என்று காட்டும் லாகைத் திறந்து பார்த்துவிட்டு அவன் கத்தினான்.

"ஏட்டி, அஞ்சு மெசேஜும் ஃபெயிலு! புருஷன், அண்ணன், கொழுந்தன்னு எல்லாமே கல்ஃப் நம்பரு. அக்காக்க ரீசார்ஜுல வெளிநாட்டுக்கு எஸ்எம்எஸ்ஸும் போவாது, காலும் போவாது."

108-க்குச் சொன்னோம். வண்டி வந்து சேரும்வரை யார் அந்த வீட்டுக்குப் போவது? அந்தத் தெருவில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. மேப்பைப் பெரிதாக்கினோம். அக்கா வீட்டுப் புள்ளியை ஒட்டி ஒரு பலசரக்குக் கடை இருந்தது. நல்லவேளை, நம்பரும் இருந்தது. நான் அழைத்தேன்.

"அண்ணே, நாரோல்ல இருந்து பேசுகேன். உங்க கடைக்குப் பின்னால தைக்கிற ரஹ்மத் அக்கா வீடு இருக்குல்லா? அக்காவுக்கு என்னமோ ஆயிட்டு. கொஞ்சம் ஓடிப் போய்ப் பாருங்கண்ணே!"

"யா அல்லா! நம்ம ரஹ்மத்தா?"

அவர் போனை வைக்கக்கூட இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். "லே, வாங்கல! ரஹ்மத்து வீட்டுக்கு வாங்கல!" என்ற கூப்பாடு. கதவை இடிக்கும் சத்தம். பெண்களின் குரல்கள். அஜின் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் எந்தெந்தச் சாமியையெல்லாம் கூப்பிட்டேனோ தெரியாது.

கடைசியில் கடைக்கார அண்ணனின் குரல் வந்தது. "மோளே, குளிமுறியில வழுக்கி விழுந்து கெடக்கு. எந்திக்க வயிய. கையில உள்ள போனு ஒடஞ்சு போச்சு, ஒரு பட்டன் மட்டுந்தான் அமுங்குதாம். ஆனா பேச்சு இருக்கு. எனக்க வீட்டுக்காரி பக்கத்துல இருக்கா. பேடிக்காத மோளே." சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் சத்தமும் கேட்டது.

3. நம்பர் எதுக்கு?

அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது கடைக்கார அண்ணனும் அங்கே இருந்தார்.

"அக்கா, அஞ்சு பேரையும் கல்ஃப்லயா போடுவிய? இந்த அண்ணன் நம்பரப் போட்டிருக்கப்பிடாதா?" என்று கேட்டேன்.

ரஹ்மத் அக்கா சிரித்தார். கடைக்கார அண்ணனை அவர் காக்கா என்றுதான் சொல்வார். "உங்க ஆப்பு போன்ல உள்ள நம்பரத்தான கேட்டுது? காக்கா நம்பரு எனக்க போன்ல இல்லியே மக்கா. ஜன்னலத் தொறந்து விளிச்சா வந்திருவாவ. பொறவு நம்பர் எதுக்கு?"

அண்ணனும் தலையாட்டினார். "எனக்க போன்லயும் அவ நம்பரு இல்லயாக்கும்."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அந்தத் தெருவில் போன் நம்பர் என்பது கடல் தாண்டி இருப்பவர்களுக்கு உள்ளது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சத்தம் போதும். விழுந்து கிடப்பவளின் சத்தம் ஜன்னலைத் தாண்டாது என்று அவர்களும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

ஆப்பின் முதல் ஸ்கிரீனை மாற்றினோம். "உங்கள் வீட்டுக்கு உடனே ஓடிவரக்கூடியவர் யார்? அவர் நம்பர் இல்லையென்றால் இப்போதே போய் வாங்கி வாருங்கள்." ஸ்கிப் பட்டனே கிடையாது.

"கஸ்டமர் ஓடிருவான், பாத்துக்க" என்றார் முதலாளி.

"ஓடட்டும் சார். பக்கத்து வீட்டுக்குத்தான ஓடுவான்" என்றேன்.

அந்த வாரமே ரஹ்மத் அக்காவின் கணவர் மஸ்கட்டில் இருந்து அழைத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவர் அழுதுவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, காக்கா பேரு மொதல்ல இருக்கட்டும். அதான் சரி. எனக்க பேர மட்டும் எடுத்திராதிய. என்னால ஓடிவர முடியாது, தெரியும். ஆனா அவ விளிச்சத நான் அறியாண்டாமா?"

ஓடிவருகிறவர்களைப் பற்றி யோசித்தோமே தவிர, வர முடியாமல் கிடந்து தவிக்கிறவர்களைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, இதை மறக்காதீர்கள். கிட்டே இருப்பவரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது, தூரத்தில் இருப்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். இதை எனக்குப் புரியவைத்த அந்த மஸ்கட் மனுஷருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு அலர்ட் நெட் வழியாகப் போகும்படி மாற்றினோம். ஓடிவந்தவர் தன் போனில் அமுக்குவதற்கும் ஒரு பட்டன் வைத்தோம். அமுக்கினால், தூரத்தில் இருப்பவர்களுக்கு நெட் வழியாக "ஆள் வந்தாச்சு" என்று போகும். அதை முதலில் ரஹ்மத் அக்கா வீட்டு வாசலில்தான் டெஸ்ட் செய்தோம். டெஸ்ட் என்று மஸ்கட்டுக்கு முன்பே சொல்லியிருந்தோம். கடைக்கார அண்ணன் பட்டனை அமுக்கினார். நாங்கள் எல்லோரும் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மஸ்கட்டில் இருந்து பதில் வந்தது: "கிட்டிச்சு தங்கச்சி. இனி நான் ஒறங்குவேன்."