வாசலில் நின்று சொன்ன தண்ணீர்

ஹவாய் மொழி வகுப்பில் ஒருத்தரும் "எந்த ஊர்?" என்று கேட்கமாட்டார்கள் என்று நான் முழுசாக நம்பினேன். அதற்காகத்தான் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் லண்டனில் எங்கடை சனம் கூடிய இடமெல்லாம் வடைத் தட்டுக்கு முதல் அந்தக் கேள்விதான் வரும். ஊர், கோயில், கிணற்றடி என்று விசாரித்துச் சாதியைப் பிடித்த பிறகுதான் வடை. நான் "யாழ்ப்பாணம் டவுன்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கழிப்பறைக்குப் போகிற ஆள்.

தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு அறை வாடகைக்குத் தந்திருந்த அண்ணையும் சேர்ந்தார். "ஓலைப் பாவாடை கட்டி ஆடுவினமாம். பாக்கத்தானே வேணும்."

பாவாடையைக் காணவில்லை. படிப்பித்தவர் ஹவாய் மண்ணின் பெண். தன் மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியவரின் மகள். சுற்றுலாக்காரருக்குக் காட்டும் ஹவாய் இங்கே இல்லை என்றார். அடுத்த கிழமை முதல் வாசலில் நின்று, யாருடைய பேரப்பிள்ளை, எந்த நிலம், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று சொல்லி அனுமதி கேட்கவேண்டும். உள்ளே இருப்பவர்கள் அந்த மூதாதையின் பெயரைத் திருப்பிச் சொல்லி அழைப்பார்கள். அது அவர்கள் முறை.

என் சாதி என்னவென்று அண்ணைக்குத் தெரிந்தால் அறை போய்விடும். கிழமை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் அப்பாவின் அப்பா என்று சொல்லப் பொய் அப்பப்பாக்களைத் தயாரித்தேன். ஒருவரை ஊருக்குப் பெரிய அதிகாரியான உடையாராக்கினேன். கூடிப்போச்சென்று பயந்து தபாற்காரராக இறக்கினேன்.

அடுத்த வகுப்பன்று வாசலில் அண்ணை பக்கத்தில் நின்றார்.

"ஏனடாப்பா நடுங்கிறாய்?"

"குளிர், அண்ணை."

"ஹீட்டர் கொதிக்குது."

என் முறை வந்தது. தபாற்காரர் தொண்டைவரை வந்துவிட்டார். பொய் சொல்ல எனக்கு ஏலும், நல்ல பழக்கம். ஆனால் உள்ளே பத்துப் பேர், இல்லவே இல்லாத ஒருத்தரை மரியாதையாக அழைக்க, பனையேறிக் கள்ளுச் சீவிய என் அப்பப்பா வெளியிலேயே நிற்பாரே. அவருடைய பெயரைச் சொன்னேன். எங்கள் தண்ணீர் பிறத்தியார் கிணற்றுத் தண்ணீர், நாங்கள் அள்ளக்கூடாது, ஆராவது வந்து வார்க்கும்வரை குடத்தோடு நிற்போம் என்றேன். ஹவாய்ச் சொல் போதாமல் பாதியை ஆங்கிலத்தில் சொன்னேன்.

உள்ளே பத்துக் குரல்கள் அப்பப்பாவை அழைத்தன. நான் உள்ளே போனேன். அண்ணை காருக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை சமையலறையில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, மனுசியின்ரை தம்பி வாறானாம். அறை தேவைப்படுது."

"எப்ப வாறார், அண்ணை?"

"கெதியா. இந்த மாதத்துக்குள்ளை."

மாதக் கடைசியில் நான் தள்ளியிருக்கிற சட்டன் என்ற இடத்துக்குக் குடிபோனேன். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வகுப்புக்குப் போனேன்.