தொட்டிக்குத் தம் போட்டவன்

ஷேக் அலாவுதீனின் கைப்பக்குவம் பினாங்கு முழுக்கத் தெரியும். பிரியாணிக்குத் தம் போட அவனை விட்டால் ஆளில்லை என்பார்கள். வீட்டுக்குள் அவன் எப்படி என்பதுதான் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி ஹமீதாவிடம் ஒரு வருஷமாக உப்பு, புளி தவிர வேறு பேச்சே கிடையாது.

இஸ்மாயில் ஒரே பிள்ளை. காய்ச்சலில் கிடந்தவனுக்குக் காற்றுப் பட்டால் ஆகாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தி, கம்பளிக்கு மேல் கம்பளியாய்ப் போர்த்தி வைத்தாள் ஹமீதா. அலாவுதீன் வேலை முடிந்து வந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. கொஞ்சம் காற்றாவது விட்டிருக்கலாமே என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான் மனுஷன். வாய்விட்டுத் திட்டினானா? அதுவும் இல்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவள் அழுது ஆறியிருப்பாள். பாவி, வாயை மூடிக்கொண்டல்லவா அவளை வதைத்தான்!

பினாங்குக் கொடிமலைக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷம் இருக்கும். மலை மேல் ஒரு துரை பங்களாவில் அவனுக்குச் சமையல் வேலை கிடைத்தது. பிள்ளை வளர்த்த சண்டை மீன் இல்லாமல் வரமாட்டேன் என்றாள் ஹமீதா. அவள் மனசுவிட்டுப் பேசுவதெல்லாம் அந்தச் சிவப்பு மீனிடம்தான். தகர அடியும் கண்ணாடிச் சுவருமான தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் உட்கார்ந்து வந்தாள்.

கீழே துள்ளித் திரிந்த மீன், மலைக்குளிரில் தொட்டியின் அடியில் முடங்கிவிட்டது. அதைப் பார்த்து இவளும் சோற்றைத் தள்ளினாள். அலாவுதீனுக்கு மீன் போனால் இவளும் போய்விடுவாள் என்று பட்டது. பேசாதவனுக்கும் பெண்டாட்டி வேண்டுமே! தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அடியில் சின்ன மண்ணெண்ணெய் விளக்கை வைத்தான். நட்டநடுவில் வைத்தபோது மீன் ஒதுங்க இடமில்லாமல் தவித்தது. ஒரு மூலைக்கு நகர்த்தினான். வேண்டும்போது மீன் அந்தப் பக்கம் வந்தது, போதுமென்றால் விலகியது. ஹமீதா அன்றைக்கு இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடைமழை பிடித்ததும் விளக்குச் சூடு போதாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அவள் அசந்து தூங்கிய நேரமாகப் பார்த்து, தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினான். தொட்டியைத் தகரத் தட்டால் மூடி, விளிம்பைச் சுற்றிலும் பிசைந்த மாவை ஒட்டி, மேலே தணலை அள்ளி வைத்தான். சாட்சாத் பிரியாணித் தம். மேலே வந்து காற்றை விழுங்கித்தான் சண்டை மீன் பிழைக்கும் என்பது அவனுக்கு எங்கே தெரியும்?

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து மூடியைப் பெயர்த்தான். மீன் செத்து மிதந்தது.

ஹமீதா எழுந்து வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு கத்தப்போகிறாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளோ அவன் விரல்களில் காய்ந்திருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“குளிருமேன்னுதானே மூடுனீங்க. வேணும்னேவா செஞ்சீங்க?” என்றாள்.

அலாவுதீன் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

“நீயும் வேணும்னு செய்யல ஹமீதா. உம் மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இந்த ஒரு சொல்லுக்காகத்தாங்க ஒரு வருஷமா உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.