முகில் மூடிய நாளின் வெயில்

பிள்ளைகளே, மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் விடுமுறையில் கண்டக்குழிக் கரையில் நடந்தது இது. டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் போட்டில் கடலுக்குக் கூட்டிப் போவதுதான் என் தொழில். எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். ஆனால் முகிலைப் பார்த்தே அன்றைய நாளைச் சொல்லிவிடுவேன் என்ற பெருமை மட்டும் நிறைய இருந்தது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய ஒரு கன்னத்திலும் இரண்டு புறங்கைகளிலும் நிறம் போய் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. அது தொட்டால் தொற்றுகிற வருத்தம் இல்லை. வலிப்பதும் இல்லை. இருந்தும் வகுப்பில் சிலர் அவள் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அப்படி இருக்க, விடுமுறை முடிந்து வரும் பேச்சுப் போட்டிக்கு அவளே போய்ப் பெயர் கொடுத்திருந்தாள். அதற்கு முதல் ஒரு தடவை டொல்பின் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.

மனைவிக்கு விருப்பமில்லை. "வெயிலுக்க புள்ளயக் கொண்டு போறீங்களே, உங்களுக்கு மூள இருக்கா?"

"வெயில் எங்க இருக்கு? வானத்தப் பாருங்க, முழுசா மூடிக் கிடக்கு."

கடலுக்குப் போகுமுன் முகத்துக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது எங்கள் வழக்கம். உப்புத்தண்ணீர் பட்டால் எரியாது. அது வெயிலுக்கும் காவல் என்று நம்பியிருந்தேன். மகளுக்கும் நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

அன்று வந்தது ஒரு வெளிநாட்டுத் தம்பதி. போட்டில் ஏறுமுன் அந்தப் பெண் சன் க்ரீம் பூசிக்கொண்டிருந்தார். மகளின் கைகளைக் கவனித்தவர், போத்தலை அவள் பக்கம் நீட்டினார். மகள் உடனே உள்ளங்கையை விரித்தாள். நான் அவளுடைய விரல்களை மடக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அது வெள்ளக்காரங்கட தோலுக்கு, மகள். கடக்கரையில பொறந்த எங்களுக்கு என்னத்துக்கு?"

"அப்ப எண்ட வெள்ளத் தோலுக்கு, வாப்பா?"

நான் திரும்பி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன்.

டொல்பின்கள் கூட்டமாக வந்தன. கத்திக் கத்தி மகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான்கு மணித்தியாலம் கடலில் இருந்தோம். சூரியன் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

அந்தியில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் சிவந்தன. மறுநாள் காலை அவற்றில் கொப்புளம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். நான் எண்ணெய் பூசிய கதையைக் கேட்ட டொக்டர் அம்மா பெருமூச்சு விட்டார்.

"முகில் வெளிச்சத்தத்தான் மறைக்கும். தோலச் சுடுற கதிர் அதுக்குள்ளாலயும் வரும், தண்ணியில பட்டுக் கீழேயிருந்தும் வரும். எண்ணெய் அதத் தடுக்காது. நிறம் இருக்கிற தோலுக்குக் கொஞ்சமாவது காவல் இருக்கு. இந்தத் திட்டுகளுக்கு அதுவும் இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அதுக்காக உங்களுக்கு ஒண்டும் வராதெண்டு நினைக்காதீங்க. கீழுதட்டில இந்த வெடிப்பு எவ்வளவு காலமா?"

உப்பினால் வந்தது என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். வெயிலால் வந்ததாக இருக்கலாம் என்று சொல்லி, அதற்கும் ஒரு நாள் வரச் சொன்னார்.

போட்டி நாள் வந்தபோது மகளின் கன்னம் ஆறியிருக்கவில்லை. "இதோட ஏறினா எல்லாரும் கன்னத்தத்தான் பார்ப்பாங்க, பேச்சக் கேக்க மாட்டாங்க" என்றாள். போகவில்லை. அடுத்த வருடம் மகள் பேசினாள். ஆனால் எழுதி மனப்பாடமாக்கியிருந்த அந்த முதல் பேச்சு கொப்பிக்குள்ளேயே கிடக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் பல் துலக்குவது போலத்தான் சன் க்ரீமும். வெயிலோ மூட்டமோ, வெளியே இறங்குமுன் முகம், கழுத்து, காது, கை எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். நீண்ட நேரம் வெளியே நின்றால் மறுபடியும் பூச வேண்டும். தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வேறு. போட்டிலும் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். நான் மறந்தாற்போல் நழுவப் பார்த்தால் மகள் விடமாட்டாள்.

"கைய நீட்டுங்க வாப்பா. முகிலப் பார்த்தது போதும்."

நீட்டுகிறேன். ஒவ்வொரு காலையும் என் உள்ளங்கையில் அவள் அதை ஊற்றும்போது, அன்று நான் மடக்கிவிட்ட அந்தச் சின்ன விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. தெரியாததைத் தெரிந்தவன்போல் நான் சொன்னதற்கு வெந்தது அவளுடைய தோல்.