முன்னுக்கு மட்டும் நகர்ந்த சீற்

மெற்றில்டா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு வானின் டாஷ்போர்டுக்குக் கீழே வயர் பார்த்தபடி மல்லாந்து கிடந்தேன். அழைத்தவர் நஸீர் நானா. மன்னாரில் வாடகைக் கார்கள் நிற்கும் ஹயர் ஸ்டாண்டில் அக்காவின் காருக்குப் பக்கத்தில் கார் நிறுத்துகிறவர். "தம்பி, அக்கா போயிட்டா" என்றார். கொழும்புக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்துவிட்டதாம். பிறகு, எதற்கென்று தெரியாமல், "கார் இன்னும் ஸ்டாண்டிலதான் நிக்குது. கண்ணாடிகூட ஏத்தேல்ல" என்றார்.

உங்களில் பலர் அந்தக் காரில் போயிருப்பீர்கள். அக்கா மிகவும் குள்ளம். எதிரே வருகிறவர்களுக்கு, ஆளில்லாத கார் ஒன்று தானாக வருவதுபோல இருக்கும். ஸ்டாண்டில் இருந்த ஒரே பெண் அவர்தான். "பேய்க் கார் வருது" என்று அங்கே சிரிப்பார்கள். அவரும் விடமாட்டார்: "பேய்க்குப் பயந்தவை வீட்டில இருங்கோ." பழைய ஜப்பான் கார்களில் தேடித் தேடி, பொத்தானை அமத்தினால் முன்னும் பின்னும் நகர்ந்து, உயர்ந்து கொடுக்கும் கரண்ட் சீற் உள்ள ஒன்றை அவர் வாங்கியது அந்த உயரத்துக்காகத்தான். நாலு தலையணை வைத்தும் மற்றக் கார்களில் அவருக்குப் பிரேக் எட்டவில்லை.

ஒருநாள் காலை அந்தக் கார் என் வேலைத்தலத்துக்கு வந்தது. ஓட்டி வந்தவர் நஸீர் நானா. அக்கா பக்கத்துச் சீற்றில் உம்மென்று இருந்தார். முதல்நாள் அவருடைய அண்ணர் கலியாண வீடொன்றுக்குக் காரை எடுத்துப்போய், தன் நீளக் கால்களுக்காகச் சீற்றைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். சீற் முன்னுக்கு வராமல் அங்கேயே நின்றுவிட்டது.

"மத்தியானத்துக்குள்ள செய்து தா தம்பி" என்றார் அக்கா. பாப்பாமோட்டையில் ஒரு பெண்ணைக் கிழமைதோறும் இரத்தம் சுத்திகரிக்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது அவர்தான். ஸ்டாண்டில் இன்னொருவர் அந்த ஹயரைத் தான் செய்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். "ஒருக்கா விட்டனெண்டால், பொம்பிளையை நம்பேலாது எண்டு கதை முடிஞ்சிடும்."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உப்பு அக்கா" என்றேன். இந்தத் தீவில் எது பழுதானாலும் எங்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். பிரிட்ஜ் நின்றால் உப்பு, போன் செத்தால் உப்பு. கடற்காற்றின் மேல் பழியைப் போட்டால் யோசிக்கத் தேவையில்லை. சீற்றுக்குக் கீழே உள்ள பிளக்கைக் கழற்றிச் சுரண்டப் போனேன்.

"பொறு" என்றார் அக்கா. "சீற் மேல எழும்புது, கீழ இறங்குது. சாயவும் சாயுது. மற்றதெல்லாம் ஓடுதே?"

"ஓம்."

"எல்லாத்துக்கும் கரண்ட் இந்தப் பிளக்காலதானே வருது? ஒரு வீட்டில மூண்டு பேருக்குச் சோறு கிடைச்சு, ஒருத்திக்கு மட்டும் இல்லையெண்டால், வீட்டில அரிசி இல்லையெண்டே சொல்லுவாய்?"

நஸீர் நானா சிரித்துவிட்டார். நான் பிளக்கை விட்டுவிட்டு, முன்பின் நகர்த்தும் மோட்டாரின் இரண்டு வயரிலும் ஒரு சின்ன பல்ப்பைப் பூட்டினேன். பின்னுக்கு அமத்தினால் பல்ப் எரிந்தது. முன்னுக்கு அமத்தினால் எரியவில்லை. மோட்டாரில் குறையில்லை. சுவிச்சைக் கழற்றிப் பிரித்தேன். முன்பக்கத்துச் செப்புத் துண்டு மட்டும் கருகிக் கிடந்தது.

"நுனிக்கு வந்தாப் பிறகும் அமத்திக்கொண்டே இருப்பீங்களோ?"

"ஓம். இன்னும் கொஞ்சம் வரும் எண்டொரு நப்பாசை." சுவிச்சை வாங்கிப் பார்த்துச் சொன்னார்: "இதைச் செய்தவன் என்னைப் போல ஒருத்தி ஏறுவாள் எண்டு நினைக்கேல்லை. பின்னுக்குப் போகச் சொன்னால் உடன போகுது. முன்னுக்கு வாறதுக்குத்தான் மறியல்."

புதுச் சுவிச் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் என்று, மோட்டாரில் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டினேன். இப்போது பின்பக்கத்தை அமத்தினால் சீற் முன்னே வரும். வந்தது. அக்கா ஏறி, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆனால் இனிப் பின்னுக்குப் போகாது அக்கா. சுவிச் வந்ததும் மாத்தித் தாறன்."

"மாத்தாத" என்றார். "இப்பிடியே கிடக்கட்டும்."

மத்தியானத்துக்கு முன்பே அந்தப் பெண்ணை ஏற்ற அடம்பன் பாதையில் போய்விட்டார். அதன்பிறகு அண்ணர் காரை இரவல் கேட்ட போதெல்லாம் அவருடைய மறுமொழி ஒன்றுதான்: "எடுங்கோ அண்ணை, ஏறி இருக்க ஏலுமெண்டால்."

எத்தனை பேரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனவர்! அவருக்கு வயிற்றுநோ வந்தபோது ஸ்கானுக்கு ஒரு திகதி கொடுத்தார்கள். அந்தத் திகதி வந்ததும் இன்னொரு திகதி கொடுத்தார்கள். அதுவரைக்கும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹயர் ஓடினார். கீரிக் கிராமத்தில் அவரை அடக்கம் செய்தபோது என் பக்கத்தில் நின்றவர் "ஆண்டவருடைய சித்தம்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது "உப்பு" என்றுதான். அதே நோய்க்கு, அதே நாட்டில், வேறு ஊர்களில் வைத்தியசாலைக்குப் போன அன்றைக்கே ஸ்கான் எடுக்கிறார்கள். அரிசி இல்லாத வீடு அல்ல இது.

போன கிழமை அண்ணர் காரைக் கொண்டுவந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, பக்கவாட்டில் இருந்தே ஓட்டி வந்திருந்தார். "தம்பி, சீற்றைப் பின்னுக்கு எடுத்துத் தாரும். இனி நான்தானே ஓடவேணும்" என்றார். அவர் கண்களும் சிவந்திருந்தன. செய்து கொடுத்தேன், என் தொழில் அது. புதுச் சுவிச்சைப் பூட்டி, வயர்களைப் பழையபடி மாற்றினேன். பொத்தானை அமத்த முன் ஒருதரம் அந்தச் சீற்றில் என்னை நெருக்கிக்கொண்டு இருந்து பார்த்தேன். மேலே உள்ள கண்ணாடி அக்காவின் கண்களுக்குத் திருப்பியபடியே இருந்தது. அதில் என் கழுத்துத்தான் தெரிந்தது. பிறகு அமத்தினேன். சீற் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரம் முன்னால் இருந்திருக்கிறார் அக்கா.

கருகிய பழைய சுவிச் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அவருடைய கேள்வியும் என்னிடம் இருக்கிறது. இனி யார் என்னிடம் வந்து உப்பு என்றாலும், விதி என்றாலும், சித்தம் என்றாலும் அதைத்தான் கேட்கப் போகிறேன்: மற்றதெல்லாம் ஓடுதே?