ஒட்டின் ஓரத்தில் ஒரு கசிவு

எனக்கு ஒன்பது வயதில் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். இரண்டு வருடம் செக்கப்புக்குப் போனோம், பிறகு விட்டுவிட்டோம். எல்லாரையும் போல வளர்ந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை அது முடிந்துபோன கதை.

முப்பத்தாறு வயதில், காகிதக் கட்டோடு ஒரு நிலக்கரிக் கப்பலின் ஏணியில் ஏறும்போது பாதியிலேயே மூச்சு முட்டியது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வாரம் வீட்டு மாடிப்படியிலும் அப்படியே ஆனதும் கணவர் மதுரைக்கு அழைத்துப் போனார்.

எக்கோ எடுத்த டாக்டர் திரையைக் காட்டினார். பழைய ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போய், அந்தச் சின்ன இடைவெளி வழியே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பல வருடமாகவே கசிந்திருக்கும், இப்போதுதான் இதயத்தின் வலப்பக்கம் பெரிதாகத் தொடங்கியிருக்கிறது என்றார். மறுபடி நெஞ்சைப் பிளப்பார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. இருமல் வந்தால்கூட தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுத நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"திறக்க வேண்டாம்மா," என்றார் டாக்டர். "தொடையில சின்னதா ஒரு துளை. அது வழியா குழாயை விட்டு, குடை மாதிரி ஒண்ணை அங்க விரிச்சு அடைச்சிடலாம்."

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், கையைச் சட்டிக்குள் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

"நாந்தான் உன்னைய செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போவாம விட்டுட்டேனோ, ஏளா?"

அப்பா கப்பலில் போயிருந்த வருடங்கள் அவை. மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்தவள் அவள். உன்மேல் தப்பில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவள் ஏற்கவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஓட்டையை அடைக்கும் நாளில் எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை, தொடையை மட்டும் மரக்கவைத்தார்கள். இப்போது இதயம் படபடவென்று அடிக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளி அடங்கியது. குடையை விரித்துவிட்டார்கள். கசிவு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் எக்கோ பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர், கருவியை என் நெஞ்சில் மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். சுத்தமா நின்னுடுச்சு."

கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கையை அசைக்கக் கூடாது என்பதால் ஒரு நர்ஸ்தான் துடைத்துவிட்டார்.

வார்டுக்கு வந்ததும் அம்மா காயத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நர்ஸ் போர்வையை விலக்கிக் காட்டினார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வேறெங்கும் வெட்டவில்லையே என்று நர்ஸிடம் இரண்டு தரம் கேட்டாள். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ள, எனக்குப் பசிக்கு. கீழ இட்லி கிடைக்குமா?"

அரை மணி நேரம் கழித்துத் திரும்பிவந்த கணவர், அத்தை ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழாவதற்குச் சட்னி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று என் காதோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலை ஆட்டக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.