இகுகோ அக்காவின் மூலைச் சுவர்

வெளியே டமார் என்று சத்தம் கேட்டதும் இகுகோ அக்கா முதலில் அடுப்பில் கெண்டியை வைப்பார். அப்புறம்தான் வாசலுக்கு வருவார். அதற்குள் வண்டிக்காரர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, சுவரைப் பார்த்தே பாதி மன்னிப்பைக் கேட்டு முடித்திருப்பார்.

"சுவருக்கு ஒண்ணும் ஆகல. உங்க வண்டிக் கண்ணாடிதான் போச்சு. உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போகலாம்."

அக்காவின் வீடும் சலவைக் கடையும் சேர்ந்திருக்கும் இடத்தில் எங்கள் தெரு இடப்பக்கம் ஒடிந்து, உடனே வலப்பக்கம் ஒடியும். எதிரி குதிரையில் வந்தால் கோட்டை வரை நேரே பாய்ந்துவிடக் கூடாதென்று கோட்டையிலிருந்து பிரபு ஊரை ஆண்ட காலத்தில் வேண்டுமென்றே போட்ட வளைவு. எதிரி வரவேயில்லை. பார்சல் வண்டிகள்தான் வருகின்றன. அகழியில் பாதியைத் தூர்த்து, கார் நிறுத்துமிடமும் அடுக்குமாடிகளும் கட்டி, ஊர் நகரமாகிவிட்டது. இந்த மூலை மட்டும் இன்னும் போருக்குத் தயாராக நிற்கிறது.

இடித்தவர் மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு, நல்ல தாளில் சுற்றிய இனிப்புப் பெட்டியோடு முறைப்படி மன்னிப்புக் கேட்க வருவார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார். அப்புறம் அது தெருவெல்லாம் சுற்றும். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்குச் சர்க்கரை ஏறியதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். ஹிராயாமா என்ற ஓட்டுநர் இப்போதெல்லாம் இடிக்காமலேயே டீக்கு வருகிறார்.

"என்ன, இன்னைக்கு சுவரை மறந்துட்டீங்களா?" என்று அக்கா கேட்பார்.

கணவர் காலமாகி, மகளும் ஒசாகாவுக்குக் குடிபோன வீடு அது. அந்த வீட்டுக்கு ஆள் கூட்டிவந்தது சுவர்தான். அதனால் மூலையைச் சீவித் தெருவை அகலமாக்க மாநகராட்சிக்காரர்கள் வந்து கேட்டபோதெல்லாம், "கோட்டை கட்டின பிரபுவே எழுந்து வந்து கேட்டாலும் தரமாட்டேன்" என்று சொல்லி, அவர்களுக்கும் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

இந்த வசந்தத்தில் ஒரு மத்தியானம், தெருவின் உள்கோடியில் குடியிருக்கும் நெமோதோ ஐயா தன் வீட்டில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் மூலையில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாகத் திணறியது. கடைசியில் ஆட்கள் தூக்குப்படுக்கையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். சட்டை முழுக்கக் கசங்கிப்போனது அவருக்குத் தெரியவில்லை.

ஐயா பிழைத்துவிட்டார். வலது கையும் காலும்தான் பழையபடி ஆகவில்லை. தெருவில் யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் நல்ல குணமும் அதுதான், கொடுமையும் அதுதான். அக்காவே மாநகராட்சிக்குப் போன் செய்து, சுவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.

நேற்றுக் காலை கறுப்புக் கோட்டு அணிந்து என் கடைக்கு வந்தார். கையில் புதிய இனிப்புப் பெட்டி. எனக்குத் தெரிந்து அவரே கடைக்குப் போய் வாங்கிய முதல் பெட்டி அது.

"நெமோதோ ஐயா வீடு வரைக்கும் துணைக்கு வர்றியாப்பா? தனியா போகக் கால் வரல."

அங்கே வாசலில் நின்று, பெட்டியை இரு கைகளாலும் நீட்டிக் குனிந்தார்.

"என் சுவரு உங்க வழிய மறிச்சிடுச்சு. நான்தான் பிடிவாதமா வச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க."

குனிந்தவர் நிமிரவேயில்லை.

ஐயாவுக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. கைத்தடியோடு மெல்ல முன்னால் வந்தார்.

"சு... சுவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். "உள்ள வாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, தடியைச் சுவரில் சாய்த்துவைத்து, இடது கையால் கெண்டியில் தண்ணீர் பிடித்து, பாதியைத் தரையில் சிந்தி, மீதியை அடுப்பில் வைத்தார்.