ஆற்றுக்குள் போன வீடு

ஆவணக் காப்பக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஸ்கேல்

“டார்லிங், என்ர வீட்டை ஆத்துக்குள்ள போட்டிருக்கிறாய். எனக்கு நீந்தவும் தெரியாது.”

ரூத் இப்படிச் சொன்னபோது வரைபடம் அச்சுக்குப் போக ஒரு நாள்தான் இருந்தது.

ரூத் தொண்ணூறு தாண்டியவர். போலந்தின் ஒரு சிறு நகரத்தில் பிறந்த யூதப் பெண். அங்கிருந்த யூதர்களில் அநேகமானோர் போரில் கொல்லப்பட்டார்கள். தப்பிய ரூத்தும் அண்ணனும் மெல்பேர்ண் வந்தார்கள். ரூத் தான் நடந்த தெருக்களைச் சொல்லச் சொல்ல, அண்ணன் அந்த ஊரை நினைவிலிருந்து வரைந்து, வீட்டுக்கு வீடு குடும்பப் பெயரை எழுதிவைத்தார். அவர் இறந்தபின் அந்தத் தாள் எங்கள் காப்பகத்துக்கு வந்தது. கண்காட்சிக்காக அதைத் தெளிவாகத் திருப்பி வரைவது என் வேலை.

பிழை விடுவதென்றால் எனக்குப் பயம். மகளின் சாப்பாட்டுப் பெட்டியையே மூன்று தரம் திறந்து பார்ப்பேன். தாளை, வானிலிருந்து எடுத்த இன்றைய செய்மதிப் படத்தின் மேல் போட்டு ஸ்கேல், அதாவது வரைபட அளவு, சரிபண்ணினேன். தாளில் பெரிய தெருவைவிட நீளமாக இருந்த ரூத்தின் வீடிருந்த சின்னச் சந்து, அந்த ஒழுங்கை, இப்போது அங்கே இல்லை. இருந்த இடத்துக்குள் அதைச் சுருக்கினேன். அப்படியும் இடம் போதாமல், கடைசியில் இருந்த ரூத்தின் வீடு ஆற்றில் விழுந்தது. ஒழுங்கையின் மற்ற ஆறு வீட்டுப் பெயர்களையும் இடமில்லாமல் கீழே பட்டியலாகப் போட்டேன்.

“பெயர் ஒண்டும் விடுபடேல்லை” என்றேன்.

“பட்டியலில அவையள் ஏற்கெனவே இருக்கினம், டார்லிங். செத்த ஆக்களின்ர பட்டியல் எல்லாத்திலயும். வீட்டில இருக்கிறது இந்தத் தாளில மட்டும்தான்.”

“ஆனா ஒழுங்கை இவ்வளவு நீளமா இருந்திராதே?”

“நீயா நடந்தனீ?”

மேலாளர் மிரியம் என்னைப் பார்த்தார். “நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்ப வேணும். முடிவு உன்ர.”

2. நாலு வீடு தூரம்

அளவு பிழையான படத்தை எப்படித் தெரிந்தே அனுப்புவது? அதே யோசனையோடு மகளைக் கூட்டிவரச் சைல்ட்கெயாருக்குப் போனேன். கார் நாலு வீடு தள்ளி நின்றது. மூன்று வயது மகள் முதல் வீட்டுக் கேற்றில் நாய்க்குக் கை காட்டினாள். இரண்டாவதில் யூகலிப்டஸ் காய் பொறுக்கினாள். மூன்றாவதில் காய்களை எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்ப எண்ணினாள். காருக்கு வர இருபது நிமிடம்.

“அம்மா, எவ்வளவு தூரம்!” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். நாலே வீடு.

3. பத்து மணி

காலையில் நேரத்தோடு போய் ஒழுங்கையைப் பழைய நீளத்துக்கே வரைந்தேன். ஏழு குடும்பத்தாரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். ரூத் வந்து ஒவ்வொரு கதவாக விரலை வைத்துப் போனார். பெயர்களை வாய்க்குள் சொன்னார். தன் வீட்டில் விரலை நிறுத்தி, “கால் நனையேல்லை” என்றார். பிறகு, “பாண் பேக்கரிக்காரரின்ர கதவு மற்றப் பக்கம். அதையும் மாத்து” என்றார். சந்தோஷமாக மாற்றினேன்.

எங்கள் பதிவுப் படிவத்தில் ஸ்கேல் என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட எனக்கு மனம் வராது. அன்று, ‘சிறுமி ஒருத்தியின் நடை’ என்று எழுதினேன். மூன்று தரம் வாசித்தேன். அழிக்கவில்லை.

இப்போதெல்லாம் ஒரு தாளைத் திருத்த முன், அங்கே நடந்தது யார் என்று கேட்கிறேன்.